வெளிநாட்டில் வாட்ஸ்அப் கால்: எது இலவசம், எதற்குக் காசு?

போன வருடம் சித்தியை வழியனுப்பத் திருச்சி விமான நிலையத்துக்குப் போயிருந்தேன். சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்குப் பிரசவ நேரம். பிரசவ லேகியம், பூண்டு, சுக்குப்பொடி என்று எல்லாம் கட்டி முடித்தாகிவிட்டது. உள்ளே போவதற்கு முன் வாசலில் உட்கார்ந்திருந்தபோது சித்திக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் பாக்கி.

"ஏம்ப்பா, அங்கயிருந்து வாட்ஸ்அப்ல சித்தப்பாகிட்ட பேசினா ஐ.எஸ்.டி. காசு புடிப்பாங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் பக்கத்தில் இருந்த ஒருவர் முந்திக்கொண்டார். "அதெல்லாம் ஃப்ரீம்மா, தாராளமா பேசுங்க." அவருக்கு அடுத்து இருந்தவர் பதறிப்போய், "வேணாங்க, எங்க மாமனாருக்கு அப்படித்தான் பேலன்ஸ் எல்லாம் போச்சு. போனை ஆஃப் பண்ணியே வைங்க" என்றார்.

இருவர் சொன்னதிலும் பாதிதான் சரி. முதலாமவரை நம்பினால் காசு போகும். இரண்டாமவரை நம்பினால் மூன்று மாதம் வீட்டோடு பேச முடியாது. நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் இந்த இரண்டுக்கும் நடுவில் பயந்துகொண்டே விமானம் ஏறுகிறார்கள். அந்தப் பயம் தேவையே இல்லை. ஒரு அழைப்பு எந்த வழியாகப் போகிறது என்று ஒருமுறை புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகத் தெளிந்துவிடும்.

அன்னதானமும் பஸ் டிக்கெட்டும்

பழனி கோயிலில் அன்னதானம் இலவசம். இலை போட்டுச் சாப்பிட யாரும் காசு கேட்பதில்லை. ஆனால் பழனி வரை போக பஸ்ஸுக்கோ ரயிலுக்கோ காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

வாட்ஸ்அப், சிக்னல், டெலிகிராம், வைபர், ஃபேஸ்டைம், நம்ம ஊர் 'அரட்டை' செயலி எல்லாமே அந்த அன்னதானக் கூடம் மாதிரிதான். நிமிடத்துக்கு இவ்வளவு என்று செயலி நம்மிடம் வாங்குவதில்லை. ஆனால் நம் பேச்சு அங்கே போய்ச் சேர ஒரு வழி வேண்டும். அந்த வழிதான் இணையம். அதற்கான காசை யாரோ ஒருவர் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். மகள் வீட்டு வைஃபை என்றால் மகள் கட்டுகிறாள். ஹோட்டல் வைஃபை என்றால் அறை வாடகையிலேயே அது சேர்ந்திருக்கும். நம் சிம்மின் டேட்டா என்றால் நாம் கட்டுகிறோம்.

ஊரில் இருக்கும்போது இது கண்ணுக்குத் தெரிவதில்லை. மாதத்துக்கோ மூன்று மாதத்துக்கோ ரீசார்ஜ் செய்துவிடுகிறோம், தினமும் இத்தனை ஜிபி வந்துவிடுகிறது. வழிச்செலவை முன்கூட்டியே கட்டிவிட்டதால் எல்லாமே இலவசம் மாதிரித் தெரிகிறது. ஆனால் அந்தப் பேக் இந்தியாவுக்குள் மட்டும்தான் செல்லும். எல்லை தாண்டிவிட்டால் அதே போன், அதே சிம், அதே செயலி, வழிச்செலவு மட்டும் வேறு.

இன்னொன்றும் உண்டு. இணையத்தில் தூரத்துக்குக் காசு கிடையாது. ஐ.எஸ்.டி. என்றால் எந்த நாடு என்பதைப் பொறுத்துக் கட்டணம் மாறும். வாட்ஸ்அப்பில் அடுத்த தெருவுக்குப் பேசினாலும் சிகாகோவுக்குப் பேசினாலும் செலவாகும் டேட்டா ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே சித்தி கேட்ட கேள்விக்கு நேரான பதில்: ஐ.எஸ்.டி. காசு கிடையாது, டேட்டாவுக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குரல் எப்படிப் போகிறது

பழைய பூத்தில் நின்று, கண்ணெதிரே சிவப்பு எண்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே பேசியவர்களுக்கு இது எளிதாகப் புரியும். அந்த அழைப்பில் இங்கிருந்து அங்கு வரை ஒரு லைன் நமக்காக ஒதுக்கப்பட்டது. பேசினாலும் பேசாமல் அழுதாலும் லைன் நம்முடையது, மீட்டர் ஓடும். லைன் எத்தனை நிறுவனங்களின் கையைத் தாண்டிப் போகிறதோ அத்தனை பேருக்கும் பங்கு உண்டு.

இணையவழி அழைப்பில் யாருக்கும் தனி லைன் இல்லை. நம் குரலைச் செயலி சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்குகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் பாக்கெட். வழக்கமாக ஒரு பாக்கெட்டில் 20 மில்லிவினாடிக் குரல் இருக்கும். அதாவது ஒரு வினாடிப் பேச்சு 50 துண்டுகள்.

பழைய வீட்டைப் பெயர்த்து வேறு ஊரில் கட்டுகிறவர்கள் ஒவ்வொரு தூணுக்கும் கதவுக்கும் அடையாளம் போட்டு ஏற்றுவார்கள். முட்டுக்காடு தட்சிணசித்ராவில் நிற்கும் செட்டிநாட்டு வீடு அப்படிப் பிரித்துக் கொண்டுவந்து கட்டியதுதான். எந்த லாரி முதலில் வந்தாலும் பரவாயில்லை, எண்ணைப் பார்த்து வரிசையாக அடுக்கிவிடலாம். பாக்கெட்டுகளும் இப்படித்தான் எண்ணோடு போகின்றன. மறுமுனைச் செயலி எண்ணைப் பார்த்து அடுக்கி, திரும்பக் குரலாக்கித் தருகிறது. இதே பாதையில் அதே நேரம் கோடிப் பேருடைய துண்டுகளும் போய்க்கொண்டிருக்கும். பாதையைப் பகிர்ந்துகொள்வதால்தான் இவ்வளவு மலிவு. இந்தியாவில் இந்த வகை அழைப்பு 2002 ஏப்ரல் 1 முதல் அனுமதிக்கப்பட்டது.

வீடு கட்டுவதற்கும் பேச்சுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. தூண் ஒரு நாள் தாமதமாக வந்தால் காத்திருக்கலாம். குரல் காத்திருக்காது. தாமதமாக வந்த துண்டைச் செயலி தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். "ஹலோ... கேக்குதா... ஹலோ" என்று நாம் கத்துவது அந்தத் துண்டுகள் விழுந்துபோன நேரத்தில்தான். எழுத்துச் செய்தியும் குரல் பதிவும் அப்படியில்லை. ஒற்றை டிக்கோடு பொறுமையாகக் காத்திருந்து, சிக்னல் வந்ததும் முழுதாகப் போய்ச் சேரும். அதனால் நெட் சரியில்லாத இடத்தில் கால் செய்து மல்லுக்கட்ட வேண்டாம். மைக் பொத்தானை அழுத்திப் பேசி அனுப்பிவிடுங்கள்.

சரி, எவ்வளவு டேட்டா ஆகும்? குரல் அழைப்புக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய அரை எம்பி. ஒரு மணி நேரம் பேசினாலும் 30 எம்பி பக்கம்தான். வீடியோ அழைப்பு என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சில நூறு எம்பி போய்விடும். குழந்தை முகத்தை வைஃபையில் வீடியோவில் பாருங்கள், வெளியே போனால் குரலில் பேசுங்கள்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: செயலி இலவசம், இணையத்துக்குக் காசு, தூரத்துக்குக் காசு இல்லை. குரல் துண்டுதுண்டாகப் போகிறது, அது நெட்டின் தரத்தைப் பொறுத்தது.

காசு உண்மையில் போகும் இடம்: ரோமிங்

நம் சிம் நிறுவனத்துக்கு வெளிநாட்டில் டவர் கிடையாது. அங்கே இறங்கியதும் போன் ஒரு உள்ளூர் நிறுவனத்தின் டவரில் விருந்தாளியாகப் போய் ஒட்டிக்கொள்கிறது. இதுதான் ரோமிங். விருந்தாளிக்கு ஆன செலவை அந்த நிறுவனம் நம் நிறுவனத்திடம் கேட்கும், நம் நிறுவனம் நம்மிடம் கேட்கும். ரோமிங் பேக் போடாமல் டேட்டாவை மட்டும் திறந்து வைத்தால் ஒவ்வொரு எம்பிக்கும் கணக்கு ஏறும்.

வாசலில் ஒருவர் தன் மாமனார் கதையைச் சொன்னாரே, அதைக் கேட்டு எனக்கு ஆச்சரியம் வரவில்லை. எங்கள் குடும்பத்திலேயே நடந்திருக்கிறது. பெரியப்பா துபாய் போய் இறங்கியபோது யாருக்கும் ஒரு கால்கூடச் செய்யவில்லை. போனை ஆன் செய்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பெட்டி வருவதற்காக நின்றார், அவ்வளவுதான். அதற்குள் முந்தின வாரக் கல்யாணப் படங்களெல்லாம் பேக்கப் ஆகத் தொடங்கிவிட்டன. செயலிகள் தாமாகவே அப்டேட் ஆயின. குடும்பக் குழுவில் வந்த காலை வணக்க வீடியோக்கள் வரிசையாக இறங்கின. வெளியே வருவதற்குள் பேலன்ஸ் காலி. இத்தனைக்கும் அவர் வாட்ஸ்அப்பைத் தொடவே இல்லை. காசைத் தின்பது பெரும்பாலும் நாம் பேசும் பேச்சல்ல, நமக்குத் தெரியாமல் பின்னால் ஓடும் இந்த வேலைகள்தான்.

இதைத் தடுக்க ஒரே ஒரு சுவிட்ச் போதும். போன் செட்டிங்ஸில் மொபைல் நெட்வொர்க் பகுதியில் 'டேட்டா ரோமிங்' என்று இருக்கும். ஊரிலிருந்து கிளம்பும்போதே அதை அணைத்துவிடுங்கள். அதை அணைத்தாலும் வைஃபை வேலை செய்யும், எஸ்எம்எஸ் வரும். இன்னும் நிம்மதி வேண்டுமென்றால் ஏரோப்ளேன் மோடைப் போட்டுவிட்டு வைஃபையை மட்டும் தனியாக ஆன் செய்துகொள்ளலாம். வாட்ஸ்அப் அதிலும் தாராளமாக ஓடும். இது பலருக்குத் தெரிவதில்லை.

ரோமிங்குக்கு விமானம் ஏறவேண்டும் என்றுகூட இல்லை. தனுஷ்கோடி முனையில் நின்றால் சில போன்கள் இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துவிடும். கப்பலிலும் விமானத்திலும் அவற்றுக்கென்று தனி நெட்வொர்க் இருக்கிறது. சாதாரண நாட்டு ரோமிங் பேக் அங்கே பெரும்பாலும் செல்லாது, கட்டணமும் கூடுதல். அங்கே ஏரோப்ளேன் மோட்தான் நல்லது.

இன்னொரு இடத்திலும் காசு போகும். வெளிநாட்டில் இருக்கும்போது இந்திய எண்ணுக்குச் சாதாரணக் கால் வந்து, நாம் எடுத்தால், எடுத்தவருக்கும் நிமிடக் கட்டணம் உண்டு. ஊரில் இன்கமிங் இலவசம் என்று பழகிவிட்டதால் இது உறைப்பதில்லை. சித்தியின் போனைப் பார்த்தபோது எனக்கு இன்னொரு கவலையும் வந்தது. சாதாரண டயலரின் படமும் பச்சையில் ஒரு ரிசீவர், வாட்ஸ்அப்பின் படமும் பச்சையில் ஒரு ரிசீவர். இரண்டும் முகப்பில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அவசரத்தில் கை எதன்மேல் படும் என்று யாருக்குத் தெரியும்? டயலரை அடுத்த பக்கத்துக்குத் தள்ளிவிட்டு, முகப்பில் வாட்ஸ்அப்பை மட்டும் விட்டேன். ரீசார்ஜ் பற்றி நான் கொடுத்த எல்லா விளக்கத்தையும்விட இதுதான் அதிகம் உதவியது என்று பிறகு சித்தி சொன்னார்.

எண் வேறு, சிம் வேறு

அங்கே போய் உள்ளூர் சிம் போட்டால் வாட்ஸ்அப் எண் மாறிவிடுமா என்று கேட்பார்கள். மாறாது. வாட்ஸ்அப்பில் நம் எண் ஒரு பெயர்ப்பலகை மட்டும்தான். முதலில் பதியும்போது எஸ்எம்எஸ்ஸில் ஒரு குறியீடு வந்ததே, அதோடு அந்தப் பலகை மாட்டப்பட்டுவிட்டது. அப்புறம் வீட்டு வைஃபையில் வந்தாலும் சிங்கப்பூர் சிம்மின் டேட்டாவில் வந்தாலும் ஊரில் இருப்பவர்களுக்கு நீங்கள் அதே பழைய எண்தான். புதிய சிம் போட்டதும் எண்ணை மாற்றவா என்று செயலி கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஆனால் ஊர் சிம்மைக் கழற்றி பர்ஸில் போட்டுவிடக் கூடாது. வங்கியின் ஓடிபி அந்தச் சிம்முக்குத்தான் வரும். அதோடு, பதிவு செய்த சிம் போனுக்குள் இருந்தால் மட்டுமே செயலி இயங்க வேண்டும் என்று 2025 நவம்பரில் இந்தியத் தொலைத்தொடர்புத் துறை வாட்ஸ்அப், டெலிகிராம், சிக்னல், அரட்டை போன்ற செயலிகளுக்கு உத்தரவிட்டது. இணைய மோசடிகளைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. பயணம் போகிறவர் செய்ய வேண்டியது, இரண்டு சிம் போடும் போனில் ஊர் சிம்மை அப்படியே விட்டு, அதன் டேட்டா ரோமிங்கை அணைத்து, உள்ளூர் சிம்மை அடுத்த இடத்தில் போட்டுக்கொள்வது. இசிம் வசதி இருந்தால் இன்னும் எளிது. இசிம் என்பது போனுக்குள்ளேயே இருக்கும் சில்லில் ஏற்றிக்கொள்ளும் சிம், தனியாக அட்டை கிடையாது. ஊர் சிம்முக்கு எஸ்எம்எஸ் வர, கிளம்பும் முன்பே சர்வதேச ரோமிங்கைத் திறந்து வைத்திருக்க வேண்டும், வேலிடிட்டியும் இருக்க வேண்டும்.

அங்கே கிடைக்கும் எண்களைப் பதியும்போது நாட்டுக் குறியீட்டோடு பதியுங்கள். சிங்கப்பூர் எண்ணில் எட்டு இலக்கம்தான். முன்னால் +65 இல்லாமல் பதிந்தால் அந்தப் பெயர் வாட்ஸ்அப்பில் வராது.

யார் கேட்டாலும், சொந்தக்காரர் எண்ணிலிருந்தே செய்தி வந்தாலும், வாட்ஸ்அப் பதிய எஸ்எம்எஸ்ஸில் வரும் அந்த ஆறு இலக்கக் குறியீட்டைச் சொல்லாதீர்கள். "தவறிப்போய் உங்க நம்பருக்கு ஒரு கோடு வந்துடுச்சு, அனுப்புங்க" என்று கேட்பார்கள். கொடுத்தால் உங்கள் பெயர்ப்பலகை அவர்கள் கைக்குப் போய்விடும்.

ஹோட்டல் வைஃபையில் பேசினால் யாராவது கேட்பார்களா?

வாட்ஸ்அப், சிக்னல் அழைப்புகளை வைஃபை கொடுப்பவர் கேட்க முடியாது. 2016 முதல் வாட்ஸ்அப்பில் முனைக்கு முனை மறையாக்கம் இருக்கிறது. அதாவது நம் போனில் பூட்டப்படும் பெட்டி எதிராளி போனில்தான் திறக்கும், நடுவில் யாரிடமும் சாவி இல்லை. பொது வைஃபையில் கனெக்ட் ஆகியும் செயலி ஓடவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். பிரவுசரைத் திறந்து, அவர்கள் காட்டும் பக்கத்தில் சம்மதம் சொல்லியிருக்க மாட்டோம்.

எல்லா நாட்டிலும் ஓடுமா?

ஓடாது. நம் ஆட்கள் அதிகம் போகும் அமீரகத்திலேயே சிக்கல் இருக்கிறது. அங்கே குரல் அழைப்புச் சேவை நடத்த உரிமம் வேண்டும். அதனால் வாட்ஸ்அப், ஃபேஸ்டைம் அழைப்புகள் நீண்ட காலமாகத் தடுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் எழுத்துச் செய்தி போகும், குரல் பதிவும் போகும், ஏனென்றால் அவை அழைப்புகள் அல்ல, செய்திகள். துபாயில் வேலை செய்யும் நம்மவர்கள் வீட்டோடு பேச உரிமம் பெற்ற போட்டிம் போன்ற செயலிகளைப் பயன்படுத்துகிறார்கள். அதை ஊரில் இருப்பவரும் போட்டிருக்க வேண்டும் என்பதைக் கிளம்பும் முன்பே வீட்டில் சொல்லிவிடுங்கள். சவுதி அரேபியா இணையவழி அழைப்புகளுக்கு இருந்த பொதுத் தடையை 2017 செப்டம்பரில் எடுத்தது, ஆனால் எல்லாச் செயலிகளின் அழைப்பும் உடனே திறந்துவிடவில்லை.

"விபிஎன் போட்டுக்கோ, எல்லாம் வரும்" என்று அறைத்தோழர்கள் சொல்வார்கள். விபிஎன் என்பது நம் இணையப் போக்குவரத்தை ஒரு சுரங்கப்பாதை வழியாக வேறு நாட்டுக்குக் கொண்டுபோகும் மென்பொருள். அமீரகச் சட்டப்படி, குற்றம் செய்வதற்கோ அதை மறைப்பதற்கோ விபிஎன் பயன்படுத்தினால் 5 லட்சம் திர்ஹாமிலிருந்து 20 லட்சம் திர்ஹாம் வரை அபராதம் உண்டு. கூலி வேலைக்குப் போயிருக்கும் ஒரு பையனிடம் இதைச் சொல்லாமல் விபிஎன் போடச் சொல்வது பெரிய தவறு என்று நினைக்கிறேன்.

சீனாவில் வாட்ஸ்அப் 2017 முதல் முடக்கப்பட்டிருக்கிறது, கூகுள் சேவைகளும் கிடையாது. அங்கே எல்லோரும் வீசாட்தான். அதில் புதுக் கணக்கு தொடங்க ஏற்கெனவே இருக்கும் ஒருவர் உறுதி செய்ய வேண்டி வரலாம் என்பதால் ஊரிலேயே முடித்துவிடுவது நல்லது.

இங்கே ஒரு விஷயம் பலரையும் குழப்பும். சீனாவுக்குப் போனவர் ஒருவர், "எனக்கு வாட்ஸ்அப் நல்லா வந்துச்சே" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. இந்திய சிம்மின் ரோமிங் டேட்டாவில் அவர் இருந்திருப்பார். ரோமிங்கில் நம் டேட்டா வழக்கமாக அந்த நாட்டு இணையத்தில் நேராக இறங்குவதில்லை. நம் நிறுவனத்தின் வாசலுக்கு, அதாவது இந்தியாவுக்குத் திரும்பி வந்து, இங்கிருந்துதான் இணையத்துக்குள் போகிறது. அதனால் அந்த நாட்டின் தடை அதன்மேல் பெரும்பாலும் படுவதில்லை. அதே ஆள் ஹோட்டல் வைஃபைக்கு மாறியதும் வாட்ஸ்அப் நின்றுவிடும். பக்கத்து அறையில் இருக்கும் மகளுக்கு ரோமிங் டேட்டாவில் ஒரு செய்தி அனுப்பினாலும் அது இந்தியா வரை வந்துதான் திரும்பும். ரோமிங் நெட் சில நேரம் மந்தமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தடை எப்போதும் சொல்லிக்கொண்டு வராது. 2019 ஏப்ரலில் ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு இலங்கையில் வாட்ஸ்அப், வைபர், ஃபேஸ்புக் எல்லாம் சில நாள் முடக்கப்பட்டன. வீட்டாரோடு இரண்டாவதாக ஒரு செயலியும், ஒரு சாதாரண எண்ணும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

செயலியால் முடியாதது

செயலியில் பேச இரண்டு பக்கமும் அதே செயலி வேண்டும். ஊரில் எங்கள் பாட்டி வீட்டில் இருப்பது லேண்ட்லைன். வாட்ஸ்அப்பிலிருந்து அதற்கு அடிக்க முடியாது. அந்த வேலைக்குப் பலர் நம்பியிருந்த ஸ்கைப் 2025 மே மாதம் மூடப்பட்டுவிட்டது. வைபர் அவுட் போல லேண்ட்லைனுக்கு அழைக்கும் சேவைகளுக்கு நிமிடக் கட்டணம் உண்டு, ஆனால் ரோமிங்கைவிட மலிவாகவே இருக்கும்.

அவசர உதவி எண்ணுக்கும் வாட்ஸ்அப்பில் அழைக்க முடியாது. இதைப் பெரியவர்களுக்குக் கட்டாயம் சொல்லிக்கொடுக்க வேண்டும். டயலரை அடுத்த பக்கத்துக்குத் தள்ளியபோது நான் அதை அழிக்காமல் விட்டதற்குக் காரணம் இதுதான். சிங்கப்பூரில் ஆம்புலன்ஸுக்கு 995, போலீஸுக்கு 999. இரண்டையும் மகளின் வீட்டு முகவரியோடு ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதி, பாஸ்போர்ட் உறைக்குள் வைத்தேன். சித்தி அதை ஒருமுறை எடுத்து வாய்விட்டுப் படித்துவிட்டு, திரும்ப மடித்து வைத்துக்கொண்டு உள்ளே போனார்.